பூமலையின் தெம்புசு மரமும் அதைச் சுற்றிய வேலியும்

சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி நோட்டைப் புரட்டிப் பார்த்தால் பெரிய மரம் ஒன்று தெரியும். அது பூமலையில் நிற்கும் தெம்புசு மரம். பூமலை உருவான 1859ஆம் ஆண்டுக்கு முன்பே அது அங்கே இருந்தது. தரையை ஒட்டிப் படுக்கைவாக்கில் நீளும் அதன் கிளையில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். இன்று அந்தக் கிளைக்கு முட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மரத்தைச் சுற்றி வேலியும் உண்டு.

கிளை முறிந்துவிடும் என்ற கவலை மட்டும் இதற்குக் காரணமில்லை. ஆட்கள் நடக்க நடக்க மண் இறுகிவிடுகிறது. இறுகிய மண்ணில் காற்றும் நீரும் இறங்குவதில்லை, வேர் மூச்சுத் திணறுகிறது. ஒருவர் மிதிப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற விண்ணப்பித்த காலத்திலேயே பூமலைக்கு ஆண்டுக்கு 4 மில்லியனுக்கும் மேற்பட்டோர் வந்துகொண்டிருந்தனர். 2015 ஜூலையில் அந்தத் தகுதி கிடைத்தது. சிங்கப்பூரின் முதல் உலக மரபுடைமைத் தலம் இதுதான்.

பூமலையை நிர்வகிக்கும் தேசியப் பூங்காக் கழகம், வருவோரைத் தடுக்காமல் பரப்பிவிடும் வழியைப் பின்பற்றுகிறது. 82 ஹெக்டர் நிலத்தில் தங்ளின் பக்கம் பழைமைக்கு உரியது. அன்னக்குளமும் இசைமேடையும் அங்குள்ளன. சுற்றுப்பயணிகள் நடுப்பகுதியின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகிறார்கள். அதற்கு மட்டும் கட்டணம் உண்டு. பிள்ளைகளுக்கென்று புக்கிட் தீமா பக்கத்தில் தனித் தோட்டம் இருக்கிறது. பிள்ளையை அழைத்து வராத பெரியவருக்கு அங்கு அனுமதி இல்லை! புல்வெளியில் பாய் விரித்துச் சாப்பிடலாம், நாயைக் கயிற்றில் பிடித்து நடக்கலாம். சைக்கிள் ஓட்டவும் மீனுக்கும் பறவைக்கும் தீனி போடவும் கூடாது. பாசத்தோடு போடும் ரொட்டித் துண்டு குளத்து நீரைக் கெடுக்கும் என்பது பலருக்கு இன்னும் புரிவதில்லை.

வேலியும் ஆய்வும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. 2017 பிப்ரவரி 11ஆம் தேதி பிற்பகலில், 270 வயதுக்கும் மேற்பட்ட வேறொரு தெம்புசு மரம் வேரோடு சாய்ந்தது. அதன் உயரம் 40 மீட்டர். ஒரு பெண் உயிரிழந்தார், நால்வர் காயமடைந்தனர். சில மாதங்களுக்கு முன்புதான் அந்த மரம் ஆய்வு செய்யப்பட்டிருந்தது. முதிய மரங்களை வெட்டிவிட்டால் ஆபத்து குறையும், ஆனால் பூமலை பூமலையாக இருக்காது. வெட்டாமல் வைத்தால் ஒவ்வொரு மரத்தையும் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்த இடம் வெறும் உலாவும் பூங்கா அல்ல. இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் 1877ல் இங்கு வந்து சேர்ந்தன. சில கோலகங்சாருக்குப் போயின. 1888ல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்குதான் சோதித்துத் தேர்ந்தார். பிற்பாடு மலாயாவின் பால்மரக் காடுகளில் விடியுமுன் கத்தியும் வாளியுமாக இறங்கிய நம் முன்னோர் செய்தது அந்தச் சீவல்தான். பூமலையில் தெம்புசுவைத் தேடும் கூட்டத்தில் பாதியாவது ரப்பரின் கதையையும் தேடினால் நன்றாக இருக்கும்.

பூமலை காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். பூமலை எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் புக்கிட் தீமா வாயில். தெம்புசு மரத்துக்கு அங்கிருந்து வெகுதூரம் நடக்க வேண்டும். முதியவர்களை அழைத்துச் செல்வோர் நேப்பியர் நிலையத்தில் இறங்கித் தங்ளின் வாயில் வழியாகப் போவது நல்லது.