தோற்றுப்போன எஞ்சினின் தோல்

1891. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மொனொங்கஹேலா என்ற சிற்றூர். எடிசனிடம் வேலை பார்த்து, அவருடைய மின்விளக்குகளைப் பொருத்த ஐரோப்பா வரை போய்வந்த எட்வர்ட் ஆச்சிசன் அங்கே செயற்கை வைரம் செய்யும் ஆசையில் இருந்தார். ஓர் இரும்புச் சட்டியில் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து கொட்டி, நடுவே ஒரு கரிக்கோலைச் செருகி, மின்சாரத்தைப் பாய்ச்சினார். சட்டி ஆறியது. வைரம் இல்லை. கரிக்கோலின் நுனியில் பளபளவென்று சில துணுக்குகள் மட்டும் ஒட்டியிருந்தன. ஒன்றை எடுத்து பென்சில் முனையில் பதித்து, கண்ணாடி மேல் இழுத்துப் பார்த்தார். கண்ணாடி கீறிக்கொண்டது!

அது சிலிக்கன் கார்பைடு. ஆச்சிசன் கார்போரண்டம் என்று பெயரிட்டு, முதலில் ரத்தினம் பட்டை தீட்டுகிறவர்களிடம் விற்றார். பிறகு நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தை நம்பி அங்கே ஆலை போட்டார். உலகத்துப் பட்டறைகளெல்லாம் அந்தச் சாணைக்கல்லில் உளி தீட்டின. 1954-ல் பிறந்த சென்னையின் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரிலும் அதே சட்டிதான் இருக்கிறது. தேய்ப்பதற்கென்றே பிறந்த அந்தத் தூளை, தேயவே கூடாத ஓர் இடத்தில் கொண்டுபோய்ப் பூசலாம் என்று அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அந்த இடம், எஞ்சின் சிலிண்டரின் உட்சுவர். பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கும் சுவர். தொடக்க கால மோட்டார் சைக்கிள்களில் அது வார்ப்பிரும்பு. தேய்ந்தால் கவலை இல்லை. பட்டறையில் கொடுத்து போர் போட்டு, அதாவது துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டினால் வண்டி மறுபடி ஓடும். ஆனால் இரும்பு கனமானது, சூட்டையும் சீக்கிரம் வெளியே விடாது. அலுமினியம் லேசானது, சூட்டைச் சட்டென்று கடத்தும். அதன் கோளாறு வேறு: மென்மையான உலோகம். அலுமினியச் சுவரில் அலுமினிய பிஸ்டன் உரசினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு எஞ்சின் சீஸ் ஆகிவிடும். அலுமினிய பிளாக்குக்குள் இரும்பு ஸ்லீவை இறக்கினார்கள். அது போட்ட சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்ட மாதிரி, சூட்டை உள்ளேயே அடக்கி வைத்தது. மெல்லிய, கடினமான ஒரு பூச்சு கிடைத்தால் போதும் என்று எஞ்சினியர்கள் தேடியபோது, கண்ணெதிரே மின்னியது குரோம்.

குரோம் ஏற்கெனவே மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருந்தது. 1935-ல் பிஎம்டபிள்யூ ஆர்12 வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கி, எண்ணெயால் அதிர்வை அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. அந்த வகை ஃபோர்க்குகளின் பைப்புக்குக் கடின குரோம்தான் நிரந்தர மேலாடை ஆயிற்று. ஃபோர்க் பைப்பில் அதன் வேலை எளிது. ஆயில் சீலின் ரப்பர் உதடு அதன் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். வண்டி வருஷக்கணக்கில் மழையில் நின்றால் குரோமில் ஊசிமுனை அளவு துரு விழும். அந்தக் குழியின் விளிம்பு சீலின் உதட்டைக் கிழிக்கும். பைப் ஓரமாக எண்ணெய் கசியும். சீலை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் மறுபடியும் ஒழுகும். பழைய குரோமை எடுத்துவிட்டு, புதிதாகத் தடிமனாகப் படியவைத்து, அளவுக்குச் சாணை பிடித்தால்தான் நிற்கும். ஃபோர்க்கில் குரோமின் நோய்க்கு மருந்து இருந்தது. சிலிண்டருக்குள் போனபோதோ, கதையே மாறியது.

குரோமில் எண்ணெய் ஒட்டாது. எண்ணெய் தங்குவதற்காகவே அதில் நுண்ணிய துளைகளையும் வெடிப்புகளையும் உண்டாக்கும் முறைகள் வந்தன. விமான எஞ்சின்களிலிருந்து மொபெட் வரை அவை ஓடின. ஆனால் எரிப்பின் சூட்டில், விளிம்புகளில் குரோம் உரியத் தொடங்கினால், உரிந்த சில்லு பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் நடுவே போய் எல்லாவற்றையும் அரைத்துவிடும். 1970-களின் மோட்டோ குஸ்ஸி வண்டிகளைப் பழுது பார்த்தவர்கள் இந்த உரிந்த குரோமை நன்றாக அறிவார்கள். இதற்கு விடை மோட்டார் சைக்கிள்காரர்களிடமிருந்து வரவில்லை. மோட்டார் சைக்கிளையே கைவிடத் துணிந்த ஒரு கம்பெனியின் தலைவலியிலிருந்து வந்தது.

ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் ஊரில் இருந்த என்எஸ்யூ, 1955-ல் உலகிலேயே அதிக மோட்டார் சைக்கிள் தயாரித்த கம்பெனி. ஃபெலிக்ஸ் வாங்கெல் அங்கே ஒரு விசித்திர எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தார். (கிட்டப்பார்வையால் ஓட்டுநர் உரிமமே வாங்காத மனிதர் அவர், கார் எஞ்சினின் தலையெழுத்தை மாற்றப் புறப்பட்டார்.) பிஸ்டன் ஏறி இறங்காது, முக்கோண ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுழலும். 1957 பிப்ரவரி 1 அன்று முதல் எஞ்சின் ஓடியது. உலகமே உரிமம் வாங்க வரிசையில் நின்றது. அந்த முக்கோணத்தின் மூன்று முனைகளில் காத்திருந்த சிக்கலை அப்போது யாரும் பெரிதாக எண்ணவில்லை.

ஒவ்வொரு முனையிலும் ஒரு சீல். அது கூட்டின் சுவரை ஓயாமல் உரசியபடியே ஓட வேண்டும். ஓடியது, அதிர்ந்தது, சுவரில் அலை அலையாக வடு விழுந்தது. ஜப்பானின் மஸ்தாவில் அந்த வடுக்களுக்கு வைத்த பெயர் ‘பேயின் நகக்கீறல்’. கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 எஞ்சினியர்கள் அதோடு மல்லுக்கட்டினார்கள். சீலுக்கு மாட்டெலும்பு, குதிரையெலும்பு வரை சோதித்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். கடைசியில் குரோம் சுவரும் கரி கலந்த அலுமினிய சீலுமாக 1967-ல் காஸ்மோவை விற்பனைக்கு விட்டார்கள். அதே ஆண்டு, ஜெர்மனியின் மாலே நிறுவனம் வேறு பாதையில் போனது.

நிக்கல் முலாம் பூசும் தொட்டியில் தூசி விழுந்தால் வேலை கெட்டுவிடும். வடிகட்டி எடுப்பதுதான் வழக்கம். மாலே எஞ்சினியர்கள் வேண்டுமென்றே தூளைக் கொட்டினார்கள். ஆச்சிசனின் சட்டியில் பிறந்த அதே சிலிக்கன் கார்பைடு, சில மைக்ரான் அளவுக்கு அரைத்தது. தூள் அடியில் தங்காமல் கரைசலைக் கலக்கியபடியே மின்சாரம் விட்டால், அலுமினியத்தில் படியும் நிக்கல் வழியில் அகப்பட்ட துகள்களையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளும். மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள். நிக்கல் பிடித்துக்கொள்ள, துகள்கள் தேய்மானத்தைத் தாங்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கல்லால் தேய்த்துப் போட்ட ஹோனிங் கோடுகளில் எண்ணெய் தங்கும். அந்த ஹோனிங்குக்குச் சாதாரணக் கல் போதாது, வைரக் கல் வேண்டும். செயற்கை வைரம் தேடிப் போனவரின் சரக்கை மெருகேற்ற வைரமே தேவைப்பட்டது! நிக்கசில் என்று பெயரிட்ட அந்தப் பூச்சைத் தேடிவந்தது என்எஸ்யூவின் ரோ 80 காரின் சுழல் எஞ்சின். பெரிய எதிர்பார்ப்போடு வந்த கார் அது.

கார் 1968-ன் சிறந்த கார் விருதைத் தட்டியது. பிறகு எஞ்சின்கள் வரிசையாகப் படுத்தன. முனை சீல்கள் தேய்ந்து, வாரண்டியில் எஞ்சின் மாற்றியே கம்பெனி நொந்தது. எதிரெதிரே வரும் ரோ 80 ஓட்டுநர்கள், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்று விரலைக் காட்டிக்கொள்வார்கள் என்ற கேலி ஜெர்மனி முழுக்கப் பரவியது. 1969-ல் ஃபோக்ஸ்வாகன் என்எஸ்யூவை விழுங்கியது. பூச்சும் அதோடு புதைந்திருக்க வேண்டியது. ஆனால் ஸ்டுட்கார்ட்டில் இன்னொருவருக்கு வேறொரு தாகம் இருந்தது.

போர்ஷேயின் 917 பந்தயக் கார் காற்றில் குளிரும் 12 சிலிண்டர் ராட்சதன். சூட்டை வெளியேற்றும் எதுவும் அதற்குப் பொன். 1970-ல் நிக்கசில் அதற்குள் நுழைந்தது. அந்த ஆண்டுதான் போர்ஷே முதன்முறையாக லெ மான் பந்தயத்தை வென்றது. வெற்றிக்குக் காரணம் பூச்சு என்று சொல்வது அளப்பாகிவிடும். அதன் மதிப்பு 1973-ன் 911 ஆர்எஸ்ஸில்தான் பளிச்சென்று தெரிந்தது. இரும்பு ஸ்லீவ் போன இடம் மிச்சமாக, சிலிண்டரின் 84 மில்லிமீட்டர் துளை 90 ஆனது. 2,341 சிசி 2,687 சிசி ஆனது. அடுத்த ஆண்டு சுஸுகி ஆர்இ5 என்ற சுழல் எஞ்சின் மோட்டார் சைக்கிளை, இதே இனத்து நிக்கல் பூச்சோடு இறக்கியது. வண்டி இரண்டே வருஷத்தில் மூட்டை கட்டியது. பூச்சு மட்டும் சுஸுகியிலேயே தங்கிவிட்டது.

1980-களில் குஸ்ஸியும் பிஎம்டபிள்யூவும் தங்கள் மோட்டார் சைக்கிள்களில் நிக்கல் சுவருக்கு மாறின. எல்லாம் சுமுகம் என்று நினைத்த வேளையில், 1990-களில் பிஎம்டபிள்யூவின் வி8 கார்கள் அமெரிக்காவில் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தன. அங்கத்திய பெட்ரோலில் இருந்த கந்தகம் அமிலமாகி நிக்கலைத் தின்றிருந்தது. பிஎம்டபிள்யூ பிளாக்குகளை மாற்றிக் கொடுத்தது. ஜாகுவாரும் அதே அடி வாங்கியது. அந்தக் கார்கள் பூச்சைக் கைவிட்டன, மோட்டார் சைக்கிள்கள் விடவில்லை. பெட்ரோலில் கந்தகமும் பிறகு குறைந்தது.

புனே அருகே சாகனில் தயாராகி வந்த கேடிஎம் 390 டியூக்கின் சிலிண்டரில் இருப்பது இந்த நிக்கசில்தான். ஹயபுசாவின் சிலிண்டரில் இருப்பது சுஸுகி தன் பெயரில் வளர்த்த அதன் சகோதரன். இவற்றுக்கு போர் போட முடியாது. கத்தி வைத்தால் பூச்சு போய்விடும். பிளாக்கை மாற்ற வேண்டும், அல்லது பழையதைக் கரைத்து மறுபடி பூச வேண்டும். அந்த மறுபூச்சுத் தொழில்தான் இன்று பழைய வண்டிகளைப் பிழைக்க வைக்கிறது: குரோம் உரிந்த குஸ்ஸி சிலிண்டர்கள் அங்கே போய் நிக்கலோடு திரும்புகின்றன. ஃபோர்க் பைப்புக்கு மட்டும் இன்றும் பெரும்பாலும் குரோம்தான்.