இசைத்தட்டுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி

பரணில் கிடக்கும் ரிக்கார்டு பிளேயரைக் கணினியோடு இணைத்து, பழைய பாடல்களைச் சேமித்துவைக்க வேண்டும் என்ற ஆசை நம் வயதுக்காரர்கள் பலருக்கு உண்டு. பிளேயரின் ஒயரை நேராகக் கணினியில் செருகினால் என்ன ஆகும்? பாட்டு வரும். ஆனால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போயிருக்கும். குரலோ தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கீச்சென்று இருக்கும். தட்டிலும் குறையில்லை, கணினியிலும் குறையில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒரு சின்னப் பெட்டி இல்லாததுதான் குறை. அந்தப் பெட்டி ஏன் தேவைப்பட்டது என்பது சுவையான வரலாறு.

எமில் பெர்லினர் தட்டு வடிவ இசைத்தட்டுக்கு 1887-ல் வழிவகுத்தார். 1902-ல் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் போன்றோரைப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது, மின்சாரமும் கிடையாது. பாடுபவர் ஒரு பெரிய புனலுக்குள் முகத்தை வைத்து உரக்கப் பாட, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். ஆரம்பத்தில் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகி இங்கே வந்தன. 1908-ல் கல்கத்தாவின் சியால்டாவிலேயே தொழிற்சாலை வந்தது. தட்டின் முக்கியச் சரக்கான அரக்கோ நம் நாட்டுக் காடுகளில் விளைந்தது! பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். வித்வான்கள் ராகத்தையும் கீர்த்தனையையும் அதற்குள் சுருக்கிப் பாடினார்கள்.

1925-ல் மைக்கும் மின்சாரப் பதிவும் வந்தபின் புதிய சிக்கல் முளைத்தது. கனமான கீழ் ஒலிகள் ஊசியை அகலமாக ஆட்டும். அப்படியே வெட்டினால் ஒரு கோடு பக்கத்துக் கோட்டுக்குள் புகுந்துவிடும். மெல்லிய மேல் ஒலிகளோ தட்டின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலில் அமுங்கிப் போகும். அதனால் பொறியாளர்கள் கீழ் ஒலிகளைக் குறைத்துப் பதிவு செய்தார்கள். பிற்காலத்தில் மேல் ஒலிகளைக் கூட்டிப் பதிவதும் சேர்ந்துகொண்டது. பெரிய ஜமுக்காளத்தை மடித்துச் சின்னப் பெட்டிக்குள் வைப்பதைப் போன்ற வேலை இது. கேட்கும்போது மடிப்பை எதிர்த்திசையில் பிரிக்க வேண்டும்.

ஆளுக்கொரு விதமாக மடித்ததுதான் தொல்லை. கொலம்பியா ஒரு கணக்கு, டெக்கா வேறொரு கணக்கு, எச்.எம்.வி. இன்னொரு கணக்கு. 1948-ல் எல்.பி. தட்டு வந்த பிறகும் இந்தக் குழப்பம் தீரவில்லை. 1954-ல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரே கணக்கை வகுத்தது. உலகமும் படிப்படியாக அதற்கு மாறியது. அந்தக் கணக்கில் மிகத் தாழ்ந்த ஒலி பதிவாகும்போது சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறையும். மிக உயர்ந்த ஒலி சுமார் பத்து மடங்காகக் கூடும்.

நான் சொன்ன சின்னப் பெட்டிக்கு 'ஃபோனோ ப்ரீஆம்ப்' என்று பெயர். அது செய்யும் வேலை இரண்டு. காந்த வகை கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்தான். அதைக் கணினிக்குப் போதுமான அளவுக்குப் பெருக்குவது முதல் வேலை. ஆர்.ஐ.ஏ.ஏ. மடிப்பைப் பிரிப்பது இரண்டாவது. பெட்டியின் மறுமுனையைக் கணினியின் நீல நிற லைன்-இன் துளையில் செருக வேண்டும். இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கானது. லேப்டாப்பில் பெரும்பாலும் லைன்-இன் இருக்காது. யு.எஸ்.பி. வழியாக இணையும் ஒலிப்பெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் இருந்த ஃபியெஸ்டா போன்ற சூட்கேஸ் பிளேயர்களின் கதை வேறு. அவற்றில் இருந்தது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். அதன் ஒலி இயல்பாகவே பலமானது. மடிப்பையும் ஏறத்தாழ அதுவே பிரித்துவிடும். அதற்கு ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டாம். ஆனால் நேராக லைன்-இன்னில் கொடுத்தால் கீழ் ஒலி வற்றிவிடும். மின்கிட்டார் செருகும் துளையுள்ள ஒலிப்பெட்டி இதற்குப் பொருத்தம். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரை மட்டும் கணினியில் செருகிவிடாதீர்கள்.

கணினி அந்த ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. மனிதக் காது கேட்கும் எல்லை சுமார் 20,000 அதிர்வு. அதைப் பிடிக்க இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பதுதான் இந்த எண்ணுக்குக் காரணம். மூன்று நிமிடத் தட்டு சுமார் 30 மெகாபைட் ஆகும். 2000-ல் வெளிவந்த 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும்.

78 சுற்றுத் தட்டுகளுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதன் கோடு எல்.பி.யைவிட மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசியை வைத்தால் அது கோட்டின் அடியில் உருண்டு இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும். தனி ஊசி வாங்க வேண்டும். 1954-க்கு முந்தைய தட்டுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கும் சரியாகப் பொருந்தாது. அதனால் பதிந்த கோப்பை எதையும் திருத்தாமல் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியில் ஒலியைச் சீர்செய்யுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. தச்சர்கள் மெருகு போட அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில்தானே? தட்டும் கரைந்துவிடும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் மறைந்தார். அவர் குரல் நம் காதுக்கு எட்டுவது இந்த அரக்குத் தட்டுகளால்தான். அவர் அளவுக்குப் புகழ் பெறாத எத்தனையோ பேர் பாடிய தட்டுகள் கேசட்டாகவோ சி.டி.யாகவோ மறுபடி வரவே இல்லை. ஒரு தட்டு கை தவறி விழுந்தால் அந்தப் பாட்டு அதோடு போயிற்று. உங்கள் வீட்டில் இருப்பதே கடைசிப் பிரதியாகக்கூட இருக்கலாம். பதிவு செய்யும்போது தட்டின் நடுவே உள்ள லேபிளையும் படம் எடுத்து, பாடியவர் பெயரையும் தட்டின் எண்ணையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது யார் குரல் என்று தெரிய வேண்டுமல்லவா?