விளக்கெண்ணெயும் டெக்ஸாமெதசோனும்

சினைப்பைப் புற்றுநோய்க்கு பேக்லிடாக்ஸலும் கார்போபிளாட்டினும் சேர்த்து ஏற்றும் சிகிச்சையில் முதலில் கொடுக்கப்படுவது டெக்ஸாமெதசோன். அழற்சியையும் ஒவ்வாமையையும் அடக்கும் இந்த ஸ்டீராய்டு, புற்றுநோயைக் கொல்வதற்காக அங்கே சேர்க்கப்பட்டதல்ல. பேக்லிடாக்ஸலைக் கரைத்த எண்ணெயின் கேட்டைத் தடுக்கச் சேர்ந்தது.

1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைத் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே சேகரித்தார். அதிலிருந்த பேக்லிடாக்ஸலின் அமைப்பை வேதியியலாளர்கள் வாணி, வால் குழுவினர் 1971இல் வெளியிட்டனர். தண்ணீரில் அது கரையாது. எனவே ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த கிரீமோஃபோர் என்ற கரைப்பானில், சாராயத்துடன் கலந்து ஏற்றினார்கள். வயிறு கழியக் கொடுக்கும் அதே விளக்கெண்ணெய், உருமாறி இரத்தத்தில் இறங்கியபோது வேறு முகம் காட்டியது. முதல் சோதனைகளில் சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தச் சரிவு. 1980களின் நடுவில் மருந்தே கைவிடப்படும் நிலை வந்தது.

காப்பாற்றியவை பழைய மருந்துகள்தான். 24 மணி நேரம் மெதுவாகச் சொட்டவிட்டு, ஏற்றுவதற்கு 12 மணி நேரத்துக்கு முன்பும் 6 மணி நேரத்துக்கு முன்பும் 20 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் கொடுத்து, ஒவ்வாமை எதிர்ப்பு மருந்துகளையும் சேர்த்தார்கள். 1989இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், மற்ற மருந்துகளுக்கு மசியாத சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியதாக எழுதினர். 1992 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. 1996இல் வெளியான ஆய்வில் சிஸ்பிளாட்டினுடன் பேக்லிடாக்ஸல் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 38 மாதம். பழைய மருந்துக் கூட்டில் 24.

   

டெக்ஸாமெதசோன் மாத்திரை போடும் நேரம் காகிதத்தில் எளிது, தேனி மாவட்டத்துப் போடி மலையடிவாரத்தில் அப்படியில்லை. காலை 10 மணிக்கு மருந்து ஏற வேண்டுமானால் முதல் நாள் இரவு 10 மணிக்கு ஒரு தடவை, விடியற்காலை 4 மணிக்கு இன்னொரு தடவை. அரை மில்லிகிராம் மாத்திரையானால் ஒவ்வொரு தடவைக்கும் 40. பொட்டிபுரத்திலிருந்தோ குரங்கணியிலிருந்தோ போடிக்கு வந்து, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரை போகிற ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளி பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரமும் அந்த 4 மணியே. ஒரு தடவை தவறினாலும் பாதுகாப்பு குறையும். மருத்துவமனையிலேயே, ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பு, ஊசியாகப் போடும் முறை பல இடங்களில் வழக்கமானதற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம்.

அழற்சி எதிர்ப்பு மருந்தையே புற்றுநோய்க்கு எதிராக ஏவும் முயற்சிகளும் நடந்தன. மூட்டுவலி மாத்திரையான செலிகாக்சிபை டோசிடாக்ஸல், கார்போபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துகளுடன் சேர்த்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2012இல் வெளியானது, பலன் இல்லை. அதைவிட வியப்பானது 2025இல் வந்த ரோசெல்லா ஆய்வு. ஸ்டீராய்டு ஏற்பியை அடைக்கும் ரெலாகோரிலண்டைச் சேர்த்தபோது, பிளாட்டினத்துக்கு மசியாத நோயாளிகளில் நோய் முற்றுவது சுமார் 1 மாதம் தள்ளிப்போனது. உடலே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலே புற்றுச்செல்லைச் சிகிச்சையிலிருந்து காக்கிறது என்ற எண்ணமே அதன் அடிப்படை. அந்த ஆய்வில் விளக்கெண்ணெய்க் கரைப்பான் இல்லாத, அல்புமினில் கட்டிய பேக்லிடாக்ஸலையே பயன்படுத்தினர். அதற்கு முன்கூட்டி ஸ்டீராய்டு கொடுக்கத் தேவையில்லை.