நோய்களின் கதை: எலும்புருக்கி

தட்சனின் 27 மகள்களை மணந்த சந்திரன், ரோகிணி ஒருத்தியிடமே மயங்கிக் கிடந்தான். மற்றவர்கள் தகப்பனிடம் முறையிட, மருமகனைத் தேய்ந்துபோகச் சபித்தார் தட்சன். சந்திரன் என்னும் ராஜாவை முதலில் பிடித்ததால் நோய்க்கு ராஜயக்ஷ்மா என்று பெயர் வந்ததாக ஆயுர்வேதம் சொல்கிறது. நம் வீடுகளில் அது க்ஷயம், எலும்புருக்கி.

கிரேக்கர்கள் வைத்த பெயர் ‘ப்திசிஸ்’. அதற்கும் தேய்ந்தழிவது என்றே பொருள். ஹிப்போக்ரட்டீஸின் பெயரில் வழங்கும் மருத்துவ வாசகங்கள், 18 முதல் 35 வயதுக்காரர்களையே இது அதிகம் தாக்குவதாகக் குறிக்கின்றன. ஆளை உள்ளிருந்தே தின்று தீர்ப்பதால் ஆங்கிலத்தில் ‘கன்ஸம்ப்ஷன்’. இருமலும் காய்ச்சலும் எத்தனையோ நோய்களில் வரும். வாலிப உடம்பு கண்ணெதிரே கரைவதுதான் எல்லா ஊர் வைத்தியர்களையும் உலுக்கியது.

கரைப்பது எது என்பதை 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அறிவித்தார்: ஒரு கிருமி. ஆனால் அதைக் கொல்லும் மருந்து வர மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை வைத்தியம் தேய்வை எதிர்த்தே நடந்தது. நல்ல காற்று, பூரண ஓய்வு, சத்தான சாப்பாடு. அதற்காகவே சானடோரியங்கள் எழுந்தன. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கியது அவற்றில் ஒன்று. அந்தப் பகுதிக்கும் ரயில் நிலையத்துக்கும் இன்றும் அதுவே பெயர்.

மருந்து வந்த பிறகும் சானடோரியம் வேண்டுமா? 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு இதைச் சோதித்தது. 193 ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் தங்கினார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டு ஐசோனியசிடும் பி.ஏ.எஸ்.ஸும் தரப்பட்டன. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு; எடையும் குறைவாகவே ஏறியது. ஆனாலும் கிருமி ஒழிந்ததில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இந்த முடிவு வழிவகுத்தது.

அதனால் தேய்வைப் பொருட்படுத்த வேண்டாம் என்றாகிவிடுமா? 2022இல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயாளியின் எடையையும் உயரத்தையும் முதலிலேயே அளக்கிறது. மிகவும் மெலிந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறது. உயிருக்கு ஆபத்து அவர்களுக்கே அதிகம். கிருமியைக் காணாத பழைய வைத்தியர்கள், ஆபத்தைச் சரியாகவே கண்டிருந்தார்கள்.

(தொடரும்)