பனியன் பிரிண்டும் டிவி திரையும்

திருப்பூரில் பனியனுக்குப் பிரிண்ட் போடும் பட்டறைகளில் ஸ்கிரீன் தயாரிப்பது ஒரு தனி வேலை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய பாலியஸ்டர் வலையில் எமல்ஷனைப் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே டிசைன் ஃபிலிமை வைத்துப் புற ஊதா விளக்கில் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் தண்ணீர் அடித்ததும் கரைந்து போக, டிசைன் திறந்துகொள்ளும். இதேபோல எல்சிடி டிவியின் பேனலுக்குள்ளும் திரவப் படிகங்களை ஒரே திசையில் நிற்கவைக்க ஒளியால் பக்குவப்படுத்தும் பாலிமர் பூச்சு ஒன்று உண்டு. அதை எலக்ட்ரானிக்ஸின் கண்டுபிடிப்பு என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். பூர்வீகத்தைத் தேடிப் போனால் அச்சுத் தொழிலின் வாசலில்தான் போய் நிற்போம்.

ஜப்பானின் சுகுபா நகரில், பாலிமருக்கும் ஜவுளிக்குமான அரசு ஆய்வு நிலையத்தில் (ஜவுளி என்பதைக் கவனிக்க வேண்டும்) வேலை பார்த்தவர் குனிஹிரோ இச்சிமுரா. ஒளியில் இறுகும் ஒரு பாலிவினைல் ஆல்கஹாலை அவர் உருவாக்கினார். ஸ்கிரீன் எமல்ஷன்களில் ஒரு வகைக்கு இன்றும் அதுவே அடிப்படை. அதே மனிதர்தான் 1988-ல், கண்ணாடிமேல் ஒட்டிய அசோபென்சீன் மூலக்கூறுகளை ஒளியால் மாற்றி, அவற்றின் மேலிருந்த திரவப் படிகங்களை நிமிரவும் படுக்கவும் வைத்தார். 1992-ல் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட் குழு திரவப் படிகங்களுக்குத் திசை காட்ட எடுத்துக்கொண்டது சின்னமேட் பாலிமர். அதுவும் கோடாக் நிறுவனம் 1950-களில் போட்டோரெசிஸ்டாக, அதாவது ஒளி பட்டால் இறுகும் பூச்சாக, கொண்டுவந்த குடும்பம்தான். அதுவரை வெல்வெட் சுற்றிய உருளையால் பூச்சைத் தேய்த்தே திசை காட்டினார்கள். தேய்த்தால் தூசி சேரும், நிலைமின்சாரம் ஏறும். நூல்மில்லில் பஞ்சு பறப்பதையும் காற்றுக்கு ஈரம் ஏற்றுவதையும் கண்ட கோவைக்காரருக்கு இந்தத் தொல்லையை விளக்கத் தேவையில்லை.

இறுகுவது வேறு, திசை காட்டுவது வேறு அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஷாட் குழு புதிதாகச் சேர்த்தது ஒரே தளத்தில் அதிரும் முனைவாக்கிய ஒளி. அந்தத் தளத்துக்கு இணையாகக் கிடக்கும் சின்னமேட் கிளைகளே முதலில் ஜோடி சேரும். குறுக்கே கிடப்பவை மிஞ்சும். பூச்சுக்கு ஒரு திசை வந்துவிடும். ஆனால் அந்த ஜோடி சேரும் வினை அச்சுக்காரர்கள் நாற்பது வருடமாகப் பயன்படுத்தியதே. புதுமை விளக்கில் இருந்தது, பூச்சில் இல்லை. வெல்வெட் உருளை ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மை. பெரிய டிவி பேனல்களுக்கு ஒளிமுறையைக் கொண்டுவருவதாக ஷார்ப் நிறுவனம் அறிவித்ததே 2009-ல்தான். பேனலில் அந்தப் பூச்சு இரண்டு கண்ணாடிகளுக்கிடையே நிரந்தரமாக மூடப்பட்டுவிடும். திருப்பூரிலோ, ஆர்டர் முடிந்ததும் எமல்ஷனை உரித்துவிட்டு அதே வலையில் அடுத்த டிசைனை ஏற்றுவார்கள்.