பாலாவிக் கரையில் ஒரு பழைய பட்டினம்

பாப்பாமோட்டையிலிருந்து மன்னாருக்குப் பஸ்ஸிற் செல்வோர் திருக்கேதீச்சரத்தைக் கடக்கும்போது இருந்த இடத்திலிருந்தே கைகூப்புவர். நாமும் சிறு வயது தொட்டு அவ்வாறே செய்து வந்தோம். ஆனால் கோயிலை அடுத்துக் கிடக்கும் அந்த மேட்டு நிலம் யாது என்று நாம் கேட்டதில்லை. நாம் கற்ற மிசன் பாடசாலையில் சரித்திரம் போர்த்துக்கேயரின் கப்பலோடு தொடங்கியது. வீட்டிலோ, அதே போர்த்துக்கேயர் கோயிலை இடித்ததோடு அது முடிந்தது. அதற்கு முன் சென்ற ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட காலம் இரண்டிடத்திலும் பேசப்படவில்லை.

பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே அம்மேட்டின் வரலாற்றை வாசித்தோம். மாதோட்டம், மாந்தை, மகாதித்த எனப் பல பெயர் பெற்ற துறைமுகம் அது. குதிரை லாட வடிவில் இரட்டை அகழி சூழ்ந்த நகரம். விசயனுக்கு மணமகளாகப் பாண்டி நாட்டிலிருந்து அனுப்பப்பட்டவளும் அவளோடு வந்த கைவினைஞரும் இத்துறையிலேயே கரையேறினர் என மகாவம்சம் கூறும். அநுராதபுரத்தைத் தழுவி 164 கிலோமீற்றர் ஓடிக் கடலை அடையும் அருவியாற்றின் முகத்துவாரம் இங்கிருந்து தொலைவிலன்று. ஆகவே அநுராதபுரத்து அரசர்க்கு மாதோட்டமே கடல்வாசலாயிற்று. ஏழாம் நூற்றாண்டிற் சம்பந்தரும் அடுத்த நூற்றாண்டிற் சுந்தரரும் பதிகம் பாடிய காலத்தில், பாலாவிக் கரையிலே கோயில் மணியோசையுடன் மாலுமிகளின் பல மொழிகளும் கேட்டிருக்கும்.

அம்மண்ணை அகழ்ந்தோர் பலர். 1920களில் ஹோக்கார்ட், 1950ஐ ஒட்டிச் சண்முகநாதன், 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல். இறுதியாகச் சொன்ன வேலை போரினால் நின்றது. சீனத்துப் பீங்கான், மேற்காசியாவின் மெருகிட்ட மட்பாண்டம், கண்ணாடி மணிகள் யாவும் வெளிப்பட்டன. பாரசீக முத்திரைகள் பதிந்த சுட்ட களிமண் துண்டொன்றிற் சிலுவைக் குறியும் இருந்தது. மிசன் பாடசாலையிற் படித்த எமக்கு இது பெரும் வியப்பு. போர்த்துக்கேயர் வருமுன்னரே சிலுவை எமது கரையை அடைந்திருந்ததை அங்கு எவரும் எமக்குச் சொல்லவில்லை.

2009, 2010 ஆம் ஆண்டுகளில் மீண்டும் அகழ்ந்தபோது கருகிய தானியங்களுடன் மிளகும் கராம்பும் கிடைத்தன. பெரும்பாலும் நெல்லே. கராம்போ அக்காலத்தில் மலுக்குத் தீவுகளுக்கு அப்பால் எங்கும் விளையாதது. எமது அம்மாமார் கறிச்சரக்கு வறுக்கும்போது போடும் அதே கராம்பு, ஆயிரம் ஆண்டுக்கு முன் ஏழாயிரம் கிலோமீற்றர் கடல் கடந்து மாதோட்டத்து அடுப்படிக்கு வந்திருக்கிறது.

இனிச் சொல்லப்போவது பெரியோர் சிலருக்கு உவப்பாயிராது. பறங்கியர் வந்து பட்டினத்தை அழித்தனர் என்றே நாம் கேட்டு வளர்ந்தோம். அகழ்வு அவ்வாறு காட்டவில்லை. 11 ஆம் நூற்றாண்டளவிலேயே நகர வாழ்வு ஓய்ந்துவிட்டது. 993 இற் சோழர் அநுராதபுரத்தை வீழ்த்தித் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றினர். மாதோட்டத்திற்கு இராசராசபுரம் எனப் பெயரிட்டனர். தாழி குமரன் என்பவன் அங்கே இராசராச ஈச்சரத்தை எடுப்பித்தான். அதைக் கூறும் கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் உள்ளது. கோயில் எழுந்தது உண்மை. ஆயினும் அருவியாற்றின் மேற்புறத்தில் தலைநகர் இல்லாதபோது அதன் கடல்வாசலுக்கு வேலை குறைந்தது. எமது கருத்து இதுவே: மாதோட்டத்தின் வீழ்ச்சிக்கு ஒரு காரணம் எம்மவரென்று நாம் போற்றும் சோழரின் வெற்றியே. போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களை 1560 இல் தொடங்கிய மன்னார்க் கோட்டைக்கு எடுத்துச் சென்றனர் என்னும் நெடுநாள் வழக்கை நாம் மறுக்கவில்லை. அவர்கள் கண்டது கோயிலை, பட்டினத்தை அன்று.

பின்னைய கதையை மலரின் வாசகர் அறிவர். 1872 இல் நாவலர் எழுப்பிய குரல், 1893 இல் வாங்கிய காணி, 1903 இற் சிறு கோயில், 1948 இல் அமைந்த திருப்பணிச் சபையும் சேர் கந்தையா வைத்தியநாதனின் உழைப்பும், 1952, 1976 ஆம் ஆண்டுக் குடமுழுக்குகள். 1990 இற் போர் மக்களைப் பெயர்த்தது. 2022 யூலையில் மீண்டும் குடமுழுக்கு நிகழ்ந்தது.

மேடு மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. மாரி மழை கழுவிய பின் ஓடுகளும் மணிகளும் மேலே தெரியும். பொறுக்கிச் செல்வோரும் உளர். பொறுக்கிய மணி எந்த மண்ணடுக்கிற் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் மணியே. சென்ற மார்கழியில் எமது ஊர் நண்பர் மூவராய் அங்கு சென்றோம். நீல மெருகிட்ட ஓடொன்று ஒருவர் காலிற் தட்டுப்பட்டது. எடுத்துக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தோம். வீட்டுக்குக் கொண்டுபோவோமா என்று ஒருவர் கேட்டார். கிடந்த குழியிலேயே அதை வைத்து, காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, பாலாவியிற் கைகால் கழுவிக்கொண்டு மாலைப் பூசைக்குச் சென்றோம்.