சின்னக் கார், பெரிய சத்தம் - ஒரு குட்டி வரலாறு

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் விடிகாலையில் கேட்கும் சத்தங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆசிரமத்து மயில்கள் அகவும். கிரிவலம் போகிறவர்களின் வெறுங்கால் சத்தம். டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம். செங்கம் ரோட்டில் எப்போதாவது ஒரு பஸ். அவ்வளவுதான்.

திடீரென்று "டம டம டம" என்று ஒரு சின்னக் கார் வரும். தரையோடு தரையாக இறக்கப்பட்ட பாடி, பின்னால் சொம்பு அளவுக்கு ஒரு குழாய். தெரு நாய்கள் துரத்தும். டீக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அரை நிமிடத்தில் கார் மறைந்துவிடும், சத்தம் மட்டும் மலையில் மோதித் திரும்பி வரும்.

இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது? காரின் பின்னாலிருந்து என்று சொன்னால் அது பாதி பதில்தான். மீதிப் பதிலுக்கு நூற்றி இருபது வருடங்களுக்கு மேல் பின்னால் போக வேண்டும்!

சைலன்சர் பிறந்த கதை

1896 செப்டம்பர் 1-ம் தேதி, மதுரையிலிருந்து வீட்டில் சொல்லாமல் கிளம்பிய வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பிற்பாடு ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது அவரைத்தான். பேச்சை விட மௌனமே பெரிய உபதேசம் என்று வாழ்ந்து காட்டியவர்.

அதற்கு அடுத்த வருடம், 1897-ல், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற இரு சகோதரர்கள் இன்ஜின் சத்தத்தை அடக்கும் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இரண்டு சம்பவங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் உலகத்தில் மோட்டார் சத்தம் தொடங்கிய காலமும், அருணாசலத்தில் ஒரு மௌனம் தொடங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்று என்பது சுவாரசியமான விஷயம்தானே?

அமெரிக்காவில் அந்தக் கருவிக்குப் பெயர் மஃப்ளர். நம்மூரில் சைலன்சர். பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது.

இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடான புகை அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஒரு விநாடிக்கு 100 முறை இப்படி நடக்கும். இந்த நூறு அடிகளையும் உள்ளே அறை அறையாகப் பிரித்து, ஓட்டைக் குழாய்களில் அலையவிட்டு, அலுத்துப்போக வைத்து வெளியே அனுப்புவதுதான் சைலன்சரின் வேலை. ஆனால் புகை வளைந்து நெளிந்து போவதால் இன்ஜினுக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும். அந்த மூச்சைத் திறந்துவிடலாமே என்ற ஆசையில்தான் எக்ஸாஸ்ட் மாடிஃபிகேஷன் பிறந்தது.

மினி காட்டிய வழி

சின்னக் காரை வேகமான காராக மாற்றலாம் என்று உலகத்துக்குப் பெரிய அளவில் காட்டியது பிரிட்டனின் மினி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959-ல் வந்த இந்த வண்டியில் 848 சிசி இன்ஜின், 34 குதிரைத்திறன். குடும்பம் கடைக்குப் போய்வரச் செய்த வண்டி! ஆனால் ரேஸ் கார் கட்டும் ஜான் கூப்பரின் கண்ணில் அது வேறு மாதிரி தெரிந்தது. 1961-ல் மினி கூப்பர் வந்தது. 997 சிசி, 55 குதிரைத்திறன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூப்பர் இன்ஜினை மட்டும் தொடவில்லை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்த்தே வந்தது. வேகத்தைக் கூட்டினால் நிறுத்தும் சக்தியையும் கூட்ட வேண்டும் என்ற கணக்கு. அந்தக் குட்டிக் கார் 1964, 1965, 1967 என்று மூன்று முறை மாண்டி கார்லோ ராலியை ஜெயித்தது.

அடுப்புப் புகைக்குழாய் வைத்த கார்

அடுத்த கதை ஜெர்மனியில். 1973-ல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தில் டெஸ்ட் இன்ஜினியராக இருந்த அல்ஃபோன்ஸ் லோவன்பெர்க், ஒரு ஸ்போர்ட்ஸ் வண்டி செய்யலாம் என்று சக ஊழியர்களிடம் யோசனை சொன்னார். மேலிடம் கண்டுகொள்ளவில்லை. ஒரு சிலர் சேர்ந்து ரகசியமாக வேலையைத் தொடங்கினார்கள். முதலில் அவர்கள் செய்த வண்டி எப்படி இருந்தது தெரியுமா? தரையோடு இறக்கிய, கல்லு மாதிரி இறுக்கமான சஸ்பென்ஷன். அடுப்புப் புகைக்குழாய் தடிமனில் ஒரு எக்ஸாஸ்ட். காது கிழியும் சத்தம்!

அதாவது இன்று செங்கம் ரோட்டில் போகும் அதே கார்தான்.

பெரியவர்கள் ஏற்கவில்லை. குழு கோபித்துக்கொண்டு போகவில்லை. சத்தத்தைக் குறைத்தார்கள், சஸ்பென்ஷனை மனிதன் உட்காரும் அளவுக்கு மென்மையாக்கினார்கள். அப்படித் திருத்திய வண்டிதான் 1975-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு வந்து, 1976-ல் விற்பனையான கோல்ஃப் ஜிடிஐ. 110 குதிரைத்திறன். மொத்தம் 5,000 வண்டி விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் தலைமுறை மட்டும் நான்கரை லட்சத்துக்கும் மேல் விற்றது. "ஹாட் ஹேட்ச்" என்ற இனமே அதன் பிறகு உலகமெங்கும் பரவியது. அந்த இனத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது திருத்தி அடக்கிய இரண்டாவது வண்டிதான், காது கிழித்த முதல் வண்டி அல்ல!

சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

நம் ஊர்க் கதைக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1950-களில் அங்கே மோட்டார் பந்தயம் தொடங்கியது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருடங்கள் அங்கே பந்தயம் நடத்தியது.

அன்று இந்தியாவில் கிடைத்தது ஃபியட், அம்பாசிடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று ஒரு சில கார்கள்தான். வெளிநாட்டிலிருந்து பாகங்கள் வரவழைக்க இறக்குமதிக் கட்டுப்பாடுகள். எனவே லேத் பட்டறையும், வெல்டிங் மெஷினும், பொறுமையும்தான் மூலதனம். எக்ஸாஸ்ட் குழாயை வளைத்தாலும், ஸ்பிரிங்கை மாற்றினாலும் அது சரியா தப்பா என்று சொல்ல ஒரே ஒரு நீதிபதி இருந்தார்: ஸ்டாப்வாட்ச். ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி குறைந்ததா? சரி. குறையவில்லையா? கழற்றிப் போடு.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 சாவி கைமாறியது. மூன்று சிலிண்டர், 796 சிசி. இந்தியாவில் ஹேட்ச்பேக் காலம் உண்மையில் தொடங்கியது அன்றுதான். அந்தக் குட்டி இன்ஜினில் பெரிய விஷயத்தைப் பார்த்தவர் கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவர்தன். மாருதி இன்ஜினைப் பின்னால் வைத்து, ஒரு ஆள் மட்டும் உட்காரும் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை வடிவமைத்தார். பணக்காரர்களின் விளையாட்டாக இருந்த ரேஸை இன்னும் பலருக்கு எட்டும்படி செய்தவர் அவர். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் டிராக் வந்தது. ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995-ல் ஒரு விமான விபத்தில் இறந்துவிட்டார். 2003-ல் கோவை செட்டிப்பாளையத்தில் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஒரு பட்டறை வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதை விட வேறு சாட்சி வேண்டுமா?

ஸ்டாப்வாட்ச் போய் காது வந்தது

1993-ல் மாருதி ஜென், 2001-ல் 100 குதிரைத்திறனோடு ஃபியட் பாலியோ 1.6, 2005-ல் ஸ்விஃப்ட். இளைஞர்கள் கையில் முதல் முறையாக விறுவிறுப்பான சின்னக் கார்கள் வந்தன. அதே சமயம் 2001-ல் "தி ஃபாஸ்ட் அண்ட் த ஃப்யூரியஸ்" படம், 2003-ல் "நீட் ஃபார் ஸ்பீட்: அண்டர்கிரவுண்ட்" கம்ப்யூட்டர் கேம். கார் என்றால் இறக்க வேண்டும், உறும வேண்டும் என்ற ஆசை சின்ன ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

ரோட்டில் ஸ்டாப்வாட்ச் கிடையாது. அந்த நீதிபதி நாற்காலியில் காது வந்து உட்கார்ந்துகொண்டது. சத்தம் அதிகமானால் வேகமும் அதிகம் என்று காது தீர்ப்புச் சொல்லும். உண்மை என்ன?

எக்ஸாஸ்ட்: கடைசியில் இருக்கும் சைலன்சர் டப்பாவை மட்டும் மாற்றினால் சாதாரண 1.2 லிட்டர் காரில் சக்தி பெரிதாக மாறாது, குரல்தான் மாறும். அளவுக்கு மீறி அகலமான குழாய் போட்டால் புகையின் வேகம் குறைந்து, கீழ் கியர் இழுவையே போய்விடவும் கூடும். சிலர் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே கழற்றி எறிகிறார்கள். விஷப் புகையைச் சுத்தம் செய்யும் பாகம் அது. 1995-லிருந்து பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது.

சஸ்பென்ஷன்: மலிவான வழி ஸ்பிரிங்கை வெட்டுவது. ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் கார் இறங்கும், ஆனால் ஸ்பிரிங் 20 சதவிகிதம் இறுகியும் போகும். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்தது. புது இறுக்கத்தை அதனால் அடக்க முடியாது. வண்டி பள்ளத்தில் குதித்துக்கொண்டே இருக்கும். குதிக்கிற டயர் ரோட்டைப் பிடிக்காது. ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுவது தனிக்கதை. முறையாகச் செய்தால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாக மாற வேண்டும், வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும்.

லாப நஷ்டக் கணக்கு

வரவுப் பக்கம்: குரல், தோற்றம், நண்பர்களின் பாராட்டு.

பற்றுப் பக்கம்: பாகங்களின் விலை. வாரண்டிக்குச் சிக்கல். விற்கும்போது விலை குறைவு. எல்லாவற்றையும் விட இன்சூரன்ஸ். அது முழு நம்பிக்கையின் பேரில் போடும் ஒப்பந்தம். வண்டியில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால், விபத்து நடந்த அன்று கிளெய்ம் தகராறில் போய் நிற்கும்.

இந்தக் கணக்கில் வராத ஒரு செலவும் இருக்கிறது. இரவு 11 மணிக்கு எழுந்து அழும் குழந்தை, தூக்கம் கலைந்த நோயாளி, தியானத்தில் உட்கார்ந்தவர். இவர்கள் யாரும் அந்த எக்ஸாஸ்டை வாங்கவில்லை. ஆனால் அதற்கு விலை கொடுப்பது அவர்களும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்பது பேர் வரை போகும் கார்களுக்கு 2005 ஏப்ரல் முதல் தயாரிப்பு நிலையில் சத்த வரம்பு 74 டெசிபல். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி அமைதி மண்டலத்தில் பகலில் 50, இரவில் 40 டெசிபல்தான் அனுமதி.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அது சைலன்சர் பற்றிய வழக்கு அல்ல. ஆனாலும் தீர்ப்பின் வீச்சு எல்லா வண்டிக்கும்தான். அதே வருடச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சத்த விதியை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

வருத்தம் என்னவென்றால், இதில் அடிபடுவது சத்தம் போடுகிறவர் மட்டும் அல்ல. அளந்து, ஜோடி சேர்த்து, வண்டியை உண்மையிலேயே நன்றாகத் திருப்ப வைக்கத் தெரிந்த பட்டறைக்காரருக்கும் அதே கதவுதான் மூடுகிறது. ஊர் முழுக்கக் கேட்பது "டம டம" மட்டும் என்றால், கைவேலைக்காகப் பரிந்து பேச யார் வருவார்கள்?

ஒரே ஊரில் இரண்டு வாசல்

ஹூண்டாய் தொழிற்சாலை இருப்பது இருங்காட்டுக்கோட்டையில். 2021-ல் அந்த நிறுவனம் ஐ20 என் லைன் என்ற காரைக் கொண்டு வந்தது. இறுக்கமான சஸ்பென்ஷன், குரல் மாற்றிய எக்ஸாஸ்ட், எல்லாம் கம்பெனியே செய்து, சோதித்து, சட்ட வரம்புக்குள் கொடுத்தது. லோவன்பெர்க் குழு கற்ற அதே பாடம். அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் ரேஸ் டிராக்கும் இருக்கிறது. அங்கே எவ்வளவு உறுமினாலும் எந்தக் குழந்தையும் விழிக்காது. ஸ்டாப்வாட்ச் நீதிபதியும் அங்கே இன்னும் பதவியில்தான் இருக்கிறார்.

வேகம் தெரிந்தவர்களுக்கு வாசல் அங்கே திறந்தே இருக்கிறது. மலையடிவாரத்தில் விடிகாலை நேரத்தை மயில்களுக்கு விட்டுவிடலாமே!